காலி ரோட்டுச் சிக்னல்

நடக்கிறதுக்குக்கூட இப்போதெல்லாம் மனுஷனுக்கு மைக் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் இருக்கிறது, ரோடு இருக்கிறது, நட என்றால் நடக்க மாட்டான். மேடை போட்டு, பாட்டுப் போட்டு, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்துக் கூப்பிட்டால்தான் வருவான். வந்தாவது நடக்கிறானா என்றால் அதுவும் இல்லை. நடக்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

டிரைவர் வாசல் கேட்டில் கையை ஊன்றி நின்றபடி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் தெருவில் அவருக்கு அதுதான் பேர். ஓட்டினது டவுன் பஸ். சந்து முடிகிற இடத்தில் குறுக்கே போகிற பெரிய ரோட்டில்தான் வேலை பார்த்த காலம் பூராவும் போனார், வந்தார். அந்த ரோட்டில் எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் மழைத்தண்ணி நிற்கும் என்பதெல்லாம் அவர் இடுப்பு எலும்புக்கே தெரியும். ஆனால் அதில் அவர் நடந்தது கிடையாது. ரோடு என்பது நடக்கிற இடம் என்று அவர் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய ரோட்டில் வண்டி கிடையாதாம். ஓடலாம், ஆடலாம், கயிறு தாண்டலாம், உடம்புக்கு நல்லதாம். வாரக் கடைசியில் ஒரு வேன் வந்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனது. வண்டி வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வண்டி. அது விட்ட புகை சந்தை விட்டுப் போக அரை நாளானது.

இப்போது சந்து முழுக்கக் கார். வண்டியில்லாத ரோட்டைப் பார்க்க ஊரே வண்டியில் கிளம்பி வந்திருந்தது. ஒருத்தர் வெள்ளை ஷூவும் அரை டிராயரும் மாட்டிக்கொண்டு, டிரைவர் வீட்டு கேட்டுக்கு நேராகத் தன் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சார், வண்டிய எடுங்க."

"ஒரு ரெண்டு மணி நேரம்தான் பெரியவரே. நடக்க வந்திருக்கோம்."

"எங்கருந்து?"

"அந்தப் புது பிளாட் இருக்கில்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"அங்க தரை இல்லையா?"

அரை டிராயர்க்காரர் சிரித்தார். திட்டுகிறாரா, வேடிக்கையாகப் பேசுகிறாரா என்று தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்துவிட்டு, இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தபடி போய்விட்டார். கார் அங்கேயே நின்றது. அதற்குப் பின்னால், கேட்டுக்கு உள்ளே, மகளுடைய கார் மாட்டிக்கொண்டு நின்றது.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரை டிராயர்க்காரர் மேல் டிரைவருக்குக் கோபம் வரவில்லை. மகளுடைய கார் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடந்தால் நல்லது.

உள்ளே, ஜன்னலோரம் மர நாற்காலியில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். வலது காலை நீட்டி ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். முட்டியில் ஆபரேஷன் தழும்பு நேராக, ஜிப் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. புது முட்டி. டாக்டர், "அருமையா செட் ஆயிருக்கு, இனி நடந்தா போதும்" என்றார். நடக்காவிட்டால் இறுகிப்போகும், அப்புறம் மறுபடியும் படுக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். அவள் கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடப்பாள். அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு நடப்பாள். வாசல் கேட் வந்ததும் நின்றுவிடுவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் கடைக்குப் போனவளை மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. அதுவும் ரோட்டில் இல்லை, நடைபாதையில். அதிலிருந்து கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம் கேட்டாலே அவள் முட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். பழைய முட்டியும் பூட்டியது. புது முட்டியும் போட்ட அன்றே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

மகள் நேற்றே வந்துவிட்டாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. அவள் இருப்பது வேறு ஊரில், பெரிய குடியிருப்பில். அங்கே நடப்பதற்கென்றே சுற்றிலும் பாதை போட்டிருக்கிறார்களாம். அம்மாவின் பெட்டி கட்டில் பக்கத்தில் தயாராக நின்றது. ராத்திரி டிரைவர் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். காலையில் அது மறுபடியும் வெளியே வந்து நின்றது.

"அப்பா, நீங்களும்தான் வாங்களேன்."

"மருமகன் வீட்ல போய் என்ன பண்றது? டிவிக்கு முன்னாடி உக்காந்து, அவர் வந்தா எழுந்திரிக்கிறதும் போனா உக்கார்றதுமா? அதுக்கு உங்கம்மா இங்கயே நடந்துடலாம்."

"அப்ப அம்மாவ நடக்க வையுங்க. நீங்க ஒழுங்கா நடக்க வெச்சிருந்தா நான் ஏன் லீவு போட்டு வரப்போறேன்?"

வசமாக மாட்டிக்கொண்டால் டிரைவர் மூக்கை உறிஞ்சுவார். உறிஞ்சினார்.

மகள் அம்மாவிடம் திரும்பினாள். "இன்னிக்கு ரோட்ல ஒரு வண்டி கிடையாதும்மா. இதவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் போய் தபாலாபீஸ் வாசல்ல நிக்கிறேன். அது வரைக்கும் நீ யாரையும் புடிக்காம நடந்து வந்து காட்டு. வந்துட்டா பெட்டியப் பிரிச்சு வெச்சிட்டு நான் மட்டும் போறேன். இல்லேன்னா சாயந்திரம் ரெண்டு பேரும் கெளம்பறோம். பேச்சே கிடையாது."

"யாரையும் புடிக்காமயா?"

"யாரையும் புடிக்காம. கைத்தடி வெச்சுக்கோ. அப்பாவப் புடிக்கக்கூடாது. காலம் பூரா அவரையே புடிச்சிட்டிருக்க முடியுமா?"

"இத்தன வருஷமா அதத்தான பண்றேன்" என்றாள் அம்மா.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மகள் வீட்டுக்குப் போகச் சம்சாரத்துக்கு இஷ்டமா என்று டிரைவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கைத்தடியை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஏங்க, கெளம்புங்க. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன்."

"நான் எதுக்கு முன்னாடி?"

"எதாச்சும் வந்து மோதினா மொதல்ல உங்க மேல மோதட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். கேட்டைத் தாண்டும்போது பின்னால் ஒரு இழுப்பு. அவர் சட்டையின் பின்பக்கத்தை அவள் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"புடிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறா உன் பொண்ணு."

"அவ தபாலாபீஸ்லதான நிக்கிறா. தெரியற தூரம் வரும்போது விட்டுடறேன்."

சந்து முனையில் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், அதிலிருந்து எதிர்ப்பக்கம் இன்னொரு பீப்பாய்க்கு ஒரு கயிறு. டிரைவர் பீப்பாயைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். ஆடியது. உள்ளே மணல்கூடப் போடவில்லை. கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். துணி காயப்போடுகிற கயிறு.

"இதுதான் தடுப்பாம். பிரேக் புடிக்காத வண்டிக்கு இது எந்த மூலைக்கு?"

"வாய மூடிக்கிட்டு வரீங்களா? எனக்கு ஏற்கெனவே கால் நடுங்குது."

கயிற்றை உயர்த்திப் பிடித்து அவளைக் குனியாமல் உள்ளே விட்டு, பிறகு தானும் நுழைந்தார்.

பெரிய ரோடு காலியாகக் கிடந்தது. காலி என்றால் வண்டி காலி. ஜனம் நிறைய. நடுவில் வலை கட்டிப் பந்தடித்தார்கள். பிள்ளைகள் கோடு போட்டு நொண்டினார்கள். ஒரு பக்கம் மேடையில் ஒருத்தன் கையைக் காலை உதற, கீழே நின்ற ஐம்பது பேரும் அவன் கடன்காரர்கள் மாதிரி அவன் செய்வதையெல்லாம் செய்தார்கள். ரோட்டுக்கு நட்டநடுவில் ஒருத்தி பாய் விரித்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். டிரைவர் அவளைப் பார்த்ததும் வலது காலைத் தன்னையறியாமல் தரையில் அழுத்தினார். அந்த இடத்தில் அவர் எத்தனை தடவை மூன்றாவது கியர் போட்டிருப்பார்.

அவர் நடுவில் போகவில்லை. ஓரத்துத் தடத்திலேயே, பஸ் போகிற மாதிரி, நேராக நடந்தார். ஒரு சைக்கிளைச் சுற்றிப் போகவேண்டி வந்தபோது கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் விலகினார். சைக்கிளில் இருந்த சின்னப் பெண் பதிலுக்கு டாட்டா காட்டினாள்.

கொஞ்ச தூரம் போனதும் "பீப்" என்று ஒரு விசில். டிரைவர் சட்டென்று நின்றார். பின்னால் வந்த சம்சாரம் அவர் முதுகில் மோதினாள்.

"ஏங்க நின்னீங்க?"

"விசில் அடிச்சாங்க."

"அது அந்தப் பொண்ணு ஆடறவங்களுக்கு அடிக்கிறா."

ஆரஞ்சு பனியன் போட்ட பெண் ஒருத்தி கழுத்தில் விசிலோடு அங்கே இங்கே ஓடிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் ஒருத்தி. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவளுக்கு இருந்த ஒரே ஆயுதம் அந்த விசில். டிரைவருக்கோ ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், ரெண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, காலே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண் ஒற்றை விசிலாகவே அடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே டிரைவர் நின்று நின்று போனார். ஒவ்வொரு தடவையும் சம்சாரம் அவர் முதுகில் முட்டினாள்.

"புது முட்டிய விட என் நெத்திதான் தேஞ்சிடும்போல."

பஸ் ஸ்டாப் வந்தது. அங்கேயும் நின்றார். அதற்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நிழல்குடைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி மூச்சு வாங்கினாள். டிரைவர் பக்கத்தில் உட்காரவில்லை. ஸ்டாப்பில் டிரைவர் இறங்குகிற வழக்கம் இல்லை.

அங்கிருந்து கிளம்பும்போது பின்னால் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ரெண்டு வயசான பெண்கள், தொப்பை வைத்த ஒரு ஆள். மெதுவாகப் போகிறார்கள், ஸ்டாப்பில் உட்கார விடுகிறார்கள் என்று பார்த்து ஒட்டிக்கொண்டவர்கள். தொப்பைக்காரர் கேட்டார்.

"சார், இது என்ன பயிற்சி?"

"ஓரமாப் போற பயிற்சி."

"நல்லா இருக்கு சார். எல்லாரும் வரலாமா?"

"என் ரோடா இது? வாங்க."

தூரத்தில் நாலு முனை சந்திக்கிற இடம் தெரிந்தது. அதைத் தாண்டினால் தபாலாபீஸ். வாசலில் நிற்கிறது மகளா, தபால் பெட்டியா என்று இங்கிருந்து தெரியவில்லை. இரண்டும் சிவப்பு. சட்டையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.

"விடறியா?"

"இன்னும் கொஞ்ச தூரம்."

"அவ பாத்துடுவா."

"பாக்கட்டும். என்னால விட முடியல. விட்டா இந்த ரோடு அப்படியே வந்து மேல விழற மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, "பெட்டில உங்க வெந்நீர்ப் பையையும் வெச்சிட்டா. அத எடுத்து வெளிய வெச்சுடுங்க, ராத்திரிக்கு வேணும்" என்றாள்.

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். இந்த நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மேல் அவருக்கு இன்னும் கொஞ்சம் வெறுப்பு கூடியது. ரோட்டை மூடாமல் இருந்திருந்தால் மகள் இப்படியொரு பரீட்சை வைத்திருக்கவே மாட்டாள்.

நாலு முனை வந்தது. சிக்னல் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு.

டிரைவர் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

ரோட்டை மூடினவர்கள் சிக்னலை மூடவில்லை. குறுக்கு ரோட்டிலும் பீப்பாய், கயிறு. எந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் வர வழியில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பிள்ளைகள் பம்பரம் மாதிரி சுற்றி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை. கண் பார்க்கிறது. ஆனால் தலைக்கு மேலே எரிகிறது சிவப்பு. கால் கோட்டில் ஒட்டிக்கொண்டது.

"போங்க" என்றாள் சம்சாரம்.

"சிவப்பு."

"வண்டியே இல்லையே."

"வண்டி இல்லேன்னா சிவப்பு பச்சை ஆயிடுமா?"

பின்னால் வந்த தொப்பைக்காரரும் இரண்டு பெண்களும் பயிற்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்து வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்து, ஓடி வந்த ஒரு கூட்டமும் வேகத்தைக் குறைத்து நின்றது. எதற்கு நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டார்கள். முன்னால் ஏதோ நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஆரஞ்சு பனியன் ஓடி வந்தது.

"தாத்தா, என்னாச்சு? எதாச்சும் பண்ணுதா?"

"பண்ணல. சிக்னல்."

"இன்னிக்கு சிக்னல் கெடையாது தாத்தா."

"எரியுதே."

"அது சும்மா எரியுது. போலீஸ்ல இந்தப் பக்கத்த சிவப்புலயே வெச்சுட்டாங்க. பதினோரு மணிக்கு ரோடு தெறக்கறப்பதான் மாத்துவாங்க."

"அப்ப பதினோரு மணிக்குப் போறேன்."

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. அவள் விசிலை வாயில் வைத்து, ஒற்றையாக ஊதினாள், கூட்டத்தைக் கிளப்ப. டிரைவர் இன்னும் உறுதியாக நின்றார்.

அந்த இடத்தில் பெஞ்ச் இல்லை. நிழல் இல்லை. நடக்கிறபோது தெரியாத வலி நிற்கிறபோது ஏறும் என்பது முட்டி ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சம்சாரம் ஒரு காலில் பாரத்தை மாற்றினாள். மறு காலில் மாற்றினாள். கைத்தடியில் சாய்ந்தாள்.

"ஏங்க, நிக்க முடியலங்க."

"இரு, மாறும்."

"மாறாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், இப்பதான் பொறந்திருக்கு."

"கோட்டுல கால வெச்சாவது தாண்டுங்களேன்."

"தாண்டி? போலீஸ் புடிச்சா?"

"போலீஸ் அங்க கயிறு தாண்டிட்டு இருக்காருங்க!"

உண்மைதான். சற்றுத் தள்ளி ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அதைப் பார்த்தார். அந்த ஆள் மேல் அவருக்கு இருந்த மரியாதைதான் போனது. கால் நகரவில்லை. நகர்த்தத்தான் பார்த்தார். தபாலாபீஸ் அதோ இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் பெட்டி பிரிக்கப்படும், தாண்டாவிட்டால் சாயந்திரம் வீடு காலி. எல்லாம் தெரிந்துதான் நின்றார். காலுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அப்போது முதுகுப்பக்கம் சட்டை தளர்ந்தது.

"உங்ககூட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் சம்சாரம். "கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு. நீங்க நின்னு பச்சை வாங்கிட்டு வாங்க. நான் போறேன்."

கைத்தடியை ஊன்றினாள். அவரைச் சுற்றி, ஓரமாகக்கூட இல்லை, நடுவாக, வெள்ளைக் கோட்டை மிதித்துத் தாண்டினாள்.

"ஏய்! சிவப்பு!"

அவள் திரும்பவில்லை. கோபம் வந்தால் அவள் நடை எப்போதும் கொஞ்சம் வேகம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. கைத்தடி தரையில் டொக் டொக்கென்று அவரைத் திட்டிக்கொண்டே போனது. நாலு முனைக்கு நடுவில் பம்பரமாகச் சுற்றின பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். தொப்பைக்காரர் டிரைவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பயிற்சி மாறிவிட்டது என்று முடிவு செய்து அவள் பின்னால் போனார். இரண்டு பெண்களும் போனார்கள். நின்றிருந்த கூட்டமும் போனது.

டிரைவர் மட்டும் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர்தான் முன்னால், அவள் பின்னால். அவள் முதுகை இவ்வளவு நேரம் அவர் பார்த்தது கிடையாது. வலது கால் லேசாக வெளியே திரும்பி விழுந்தது. ஆனால் மடங்கியது. நன்றாகவே மடங்கியது. அவர் வாய்க்குள்ளே, "ரைட், ரைட்" என்றார். யார் காதிலும் விழவில்லை.

தபாலாபீஸ் வாசலில் ரெண்டு சிவப்பில் ஒன்று ஓடி வந்தது. அது மகள்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். அம்மா இப்போதும் யாரையும் பிடிக்கவில்லை. மகள் பிடிக்க வந்தாள்போல, அந்தக் கையையும் தட்டிவிட்டிருந்தாள். சிவப்பை இரண்டாவது தடவையாகத் தாண்டி டிரைவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சரிப்பா" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டியப் பிரிச்சு வெச்சுட்டுப் போறேன். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"நான் எங்க ஜெயிச்சேன்? இங்கதான நிக்கிறேன்."

"வேணும்னுதான நின்னீங்க? அம்மா விட்டுட்டு நடக்கணும்னு?"

"சிவப்பு எரிஞ்சுது. நின்னேன்."

"பாத்தியாடி" என்றாள் சம்சாரம். "இவருக்குப் போய் புத்தி இருக்கும்னு நெனைக்கிற."

ஆரஞ்சு பனியன் மறுபடியும் வந்தது. நடந்ததையெல்லாம் பார்த்திருந்தது. "தாத்தா, பாட்டி சூப்பர்! அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்கல்ல? ரோடு மூடுவோம்."

"மிச்ச நாள்ல?"

"மிச்ச நாள்ல வண்டி போகுமே தாத்தா."

"அப்ப அந்த நாள்ல இவ எங்க நடப்பா? அடுப்படியிலயா? ஒரு காலையில ஆட்டம் போட்டுட்டு பீப்பாய எடுத்துட்டுப் போயிடுவீங்க. அதே ரோடு, அதே ஹாரன். இதுக்கு ஒரு மேடை, இதுக்கு ஒரு மைக்." அவர் சிக்னலைக் காட்டினார். "மொதல்ல அத ஒண்ணு அணைங்க, இல்ல எரியவிடுங்க. எரிஞ்சும் எரியாம இருக்கிறதெல்லாம் ஒரு சிக்னலா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பினார். ரோட்டில் இறங்கவில்லை, நடைபாதையில் ஏறினார். அங்கே வழக்கம்போல மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பெயர்ந்த கல், சாக்கடை மூடி, கடைக்காரன் வைத்த பலகை. பக்கத்தில் ரோடு கண்ணுக்கெட்டும் தூரம் காலியாகக் கிடக்க, டிரைவர் ஒவ்வொரு வண்டிக் கைப்பிடிக்கும் உடம்பை ஒடுக்கி, வாய்க்குள் திட்டியபடி நடந்தார்.

ரோட்டில், அவருக்கு நேராக, சம்சாரம் மகளோடு பேசிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இங்க எறங்கி வாங்களேன். எவ்வளவு எடம் இருக்கு பாருங்க."

"நீ போ."

"ஒரு வண்டி வராதுங்க."

"வராத வரைக்கும் வராது."

அவள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் முந்திப் போனாள். சந்து முனை வந்தது. டிரைவர் நின்று, பின்னால் ஒரு தடவை பார்த்து, திரும்புகிற பக்கம் கையை நேராக நீட்டிக் காட்டினார். பார்க்க ஒரு வண்டியும் இல்லை. காட்டி முடித்துவிட்டு, கையை இறக்கி, கார்களுக்கு நடுவில் புகுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.